4கே விளையாட்டுக் கணினி: 6,500 வெள்ளிக்குள் எந்தப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது?

செங்காங்வாசி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரின் செங்காங்கில் அண்மையில் சாவி கிடைத்த பிடிஓ (முன்பதிவு செய்து வாங்கும் அரசு அடுக்குமாடி) வீட்டில், படிப்பறையாக ஒதுக்கியுள்ள சிறிய அறைக்கு ஒரு விளையாட்டுக் கணினியை நானே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்த விரும்புகிறேன். பொருள், சேவை வரி உட்பட 6,500 வெள்ளி வரை செலவிட முடியும். காணொளித் தொகுப்பு போன்ற கனமான வேலை எதுவும் எனக்கு இல்லை. கதையை மையமாகக் கொண்ட பெரிய விளையாட்டுகளை 4கே தெளிவில், ஒளி நிழல் விளைவுகளைக் குறைக்காமல் ஆட வேண்டும் என்பதே நோக்கம்.

இப்போது எழுதி வைத்திருப்பது இதுதான்: ஏஎம்டியின் ரைசன் 9 9950எக்ஸ்3டி பிராசசர், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் நான்கு, ஐந்தாம் தலைமுறை 2 டிபி எஸ்எஸ்டி, 360 மில்லிமீட்டர் நீர்க் குளிர்விப்பான், முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடியாக உள்ள கேசிங். பவர் சப்ளையைப் பழைய கணினியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். 850 வாட், கோல்டு தரம், இதுவரை எந்தத் தொல்லையும் தந்ததில்லை. திரையும் பழையதுதான்: 27 அங்குலம், 1440பி, 165 ஹெர்ட்ஸ். கூட்டிப் பார்த்தால் தொகை எல்லையைத் தாண்டுகிறது. எதைக் குறைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


ஈசூன்காரன் எழுதியது:

5090ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். 32 ஜிபி நினைவகம் கொண்ட விளையாட்டுக் கார்டு இன்று அது ஒன்றுதான். பிராசசரையும் எஸ்எஸ்டியையும் ஒரு படி இறக்கினால் பணம் சரியாகிவிடும். விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டைக் கார்டு தருகிறது, மற்றவை தருவதில்லை.


பழைய சிம்லிம் எழுதியது:

தம்பி, உங்கள் பட்டியலில் எனக்கு முதலில் உறுத்துவது பிராசசரோ கார்டோ அன்று, திரை. 4கே தெளிவில் ஆட வேண்டும் என்கிறீர்கள். கையில் இருப்பதோ 1440பி திரை. அதில் உள்ள படப்புள்ளிகள் ஏறத்தாழ 3.7 மில்லியன். 4கே திரையில் 8.3 மில்லியன், அதாவது 2.25 மடங்கு. கார்டின் மீது விழும் சுமையைத் தீர்மானிப்பது இந்த எண்தான். எனவே திரையை முடிவு செய்யாமல் கார்டை முடிவு செய்ய முடியாது. 1440பி திரையிலேயே தொடர்வதாக இருந்தால் 5090 வாங்குவது வீண் செலவு. 4கே திரைக்கு மாறுவதாக இருந்தால் அதற்கான பணத்தை இப்போதே ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். 2024இல் இருந்து 32 அங்குல, 4கே, 240 ஹெர்ட்ஸ் ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்) திரைகள் கடைகளுக்கு வந்துவிட்டன. கறுப்பு உண்மையிலேயே கறுப்பாகத் தெரியும் அந்தத் திரை, இருண்ட காட்சிகள் நிறைந்த கதை விளையாட்டுகளில் தரும் மாற்றத்தை எந்தக் கார்டும் தராது என்று உறுதியாகச் சொல்வேன். ஓலெட்டில் அசையாத படங்கள் நாளடைவில் தழும்பாகப் பதியக்கூடும் என்பதால், அலுவலக வேலையையும் அதே திரையில் நாள் முழுவதும் செய்பவராக இருந்தால் பழைய திரையைப் பக்கத்தில் வைத்து அதற்குப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது பிராசசர். 9950எக்ஸ்3டி 16 கோர்கள் (கணிப்பைச் செய்யும் மையங்கள்) கொண்டது. ஆனால் அவை எட்டு எட்டாக இரண்டு சில்லுகளில் பிரிந்துள்ளன, கூடுதல் கேச் நினைவகம் (பிராசசருக்குள்ளேயே உள்ள அதிவேக நினைவகம்) அவற்றுள் ஒன்றில்தான் இருக்கிறது. விளையாட்டு தொடங்கும்போது விண்டோஸ் அதை அடையாளம் கண்டு அந்தச் சில்லுக்கே அனுப்ப வேண்டும். உங்களைப் போல் விளையாட்டு மட்டுமே ஆடுபவருக்கு மற்ற எட்டு கோர்கள் பெரும்பாலும் சும்மா இருக்கும். 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டியில் எட்டு கோர்களும் ஒரே சில்லில், 96 எம்பி எல்3 கேச்சுடன் இருக்கின்றன. கூடுதல் கேச் இல்லாத அதன் உடன்பிறப்பான 9700எக்ஸில் 32 எம்பிதான். விளையாட்டின் ஒவ்வொரு சட்டகத்துக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) பிராசசர் தேடும் தரவு இந்தக் கேச்சிலேயே கிடைத்துவிட்டால் ரேம் வரை போய்த் திரும்பும் காத்திருப்பு இல்லை. விளையாட்டில் இந்த வகைப் பிராசசர்கள் முந்துவதன் காரணம் அவ்வளவுதான். நம் ஊருக்குப் பொருத்தமான இன்னொன்றும் உண்டு. 2022இன் 5800எக்ஸ்3டியிலும் 2023இன் 7800எக்ஸ்3டியிலும் கேச் அடுக்கு கோர்களுக்கு மேல் இருந்ததால் வெப்பம் வெளியேறுவதற்கு அது குறுக்கே நின்றது. 9800எக்ஸ்3டியில் அதைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். கோர்கள் குளிர்விப்பானை நெருங்கி வந்துவிட்டன.

விளையாடும்போது இந்தப் பிராசசர் எடுக்கும் மின்சாரம் பெரும்பாலும் 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே 360 மில்லிமீட்டர் நீர்க் குளிர்விப்பான் உங்களுக்குத் தேவையில்லை. இரட்டைக் கோபுர வகைக் காற்றுக் குளிர்விப்பான் ஒன்று போதும். அதில் பழுதாவதற்கு விசிறியைத் தவிர வேறொன்றும் இல்லை, விசிறியை மாற்றுவதும் எளிது.

இன்டெல் பக்கம் போக வேண்டாமா என்று கேட்பீர்கள். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 9 285கே, பல வேலைகளில் திறமையானது என்றாலும் விளையாட்டில் அதற்கு முந்தைய 14900கேயையே பல சோதனைகளில் எட்டவில்லை. மேலும் ரைசன் பிராசசர்களைப் பொருத்தும் ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பின்னும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஐந்தாண்டுக் கணக்கு போடுபவருக்கு இது முக்கியம்: மதர்போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கும்.


செங்காங்வாசி எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி, அண்ணன். திரையைப் பற்றி நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. பவர் சப்ளை, ரேம் இரண்டைப் பற்றியும் யாராவது விளக்க முடியுமா? நான்கு ரேம் வாங்கினால் நான்கு இடமும் நிறைந்து பார்க்க அழகாக இருக்கும் என்று நினைத்தேன். தவிர, அறையில் இரவில் மட்டும்தான் ஏர்கான் ஓடும். பகலில் ஜன்னலைத் திறந்து வைப்போம்.


உட்லண்ட்ஸ் மின்னியலார் எழுதியது:

மின்சாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விலையில் கணினி பொருத்துபவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும், கவனிக்காவிட்டால் மிக அதிகமாக இழப்பதும் இதில்தான்.

5090இன் உச்ச மின்தேவை 575 வாட். அந்த மின்சாரம் 16 முனை கொண்ட ஒரே இணைப்பின் வழியாக, 12 வோல்ட்டில் செல்கிறது. வகுத்துப் பார்த்தால் 48 ஆம்பியர். மின்சாரத்தைச் சுமந்து செல்லும் முனைகள் ஆறு, எனவே ஒவ்வொன்றுக்கும் 8 ஆம்பியர். ஒரு முனை தாங்கக்கூடியதாகக் குறிப்பிடப்படுவது 9.5 ஆம்பியர். பழைய 8 முனை இணைப்பிலோ 150 வாட்டை மூன்று முனைகள் பகிர்ந்துகொள்ளும். ஒன்றுக்கு 4 ஆம்பியரைச் சற்றே தாண்டும். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தாராளம் குறைந்திருக்கிறது என்பது தெரிகிறதா? போதாக்குறைக்கு, 40, 50 வரிசைக் கார்டுகள் பெரும்பாலானவற்றில் அந்த ஆறு கம்பிகளும் கார்டுக்குள் நுழைந்ததும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. ஒரு முனை சரியாகப் பதியாமல் போனால் அதன் பங்கு மற்ற முனைகளின் மீது ஏறும். கார்டுக்கு அது தெரியவும் தெரியாது. 4090 வந்த 2022இல் இருந்து முனைகள் உருகிய படங்கள் உலகெங்கும் வெளிவந்ததற்கு அடிப்படை இதுவே. 2023இல் இணைப்பைத் திருத்தினார்கள்: இணைப்பு பதிந்துவிட்டதா என்று கார்டுக்குத் தெரிவிக்கும் உணர் முனைகளைக் குட்டையாக்கி, மின்முனைகளைச் சற்று நீட்டினார்கள். முழுமையாகச் செருகப்படாத இணைப்பில் கார்டு இயங்காமல் இருக்க இது உதவுகிறது. ஆனாலும் முன் சொன்ன கணக்கு மாறவில்லை.

எனவே பழைய 850 வாட்டைப் பயன்படுத்த வேண்டாம். 5090க்கு என்விடியாவே 1,000 வாட் பரிந்துரைக்கிறது. கார்டு எதுவானாலும் ஏடிஎக்ஸ் 3.1 என்ற புதிய பவர் சப்ளைத் தரத்தில், 16 முனைக் கம்பி பவர் சப்ளையிலிருந்தே நேராக வருகிற ஒன்றை வாங்குங்கள். கார்டு கண நேரத்தில் இழுக்கும் மின்சாரம் அதன் பெயரளவைவிட மிக அதிகமாக இருக்கும். ஏடிஎக்ஸ் 3 வகைப் பவர் சப்ளைகள், தம் திறனைப் போல் இருமடங்கை 100 மைக்ரோ வினாடிக்குத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. பழைய பவர் சப்ளையில் அந்த உறுதி இல்லை. கம்பியைச் செருகியபின் கார்டை ஒட்டிய முதல் 35 மில்லிமீட்டர் வளையாமல் நேராக இருக்க வேண்டும். கண்ணாடி மூடி கம்பியை அழுத்தும் அளவுக்கு ஒடுக்கமான கேசிங்கை நான் எக்காரணம் கொண்டும் வாங்க மாட்டேன். பழைய பவர் சப்ளையின் கம்பிகளைப் புதியதில் செருகவும் கூடாது; முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரு நொடியில் எஸ்எஸ்டியும் மதர்போர்டும் கருகிவிடும்.

சுவரில் உள்ள இணைப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. நமது 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 வாட் வரை தரும்.

கவலைப்பட வேண்டியது அறையைப் பற்றித்தான். 5090, பிராசசர், திரை எல்லாம் சேர்ந்து விளையாடும்போது 800 வாட்டை நெருங்கும். அந்த 800 வாட்டும் இறுதியில் வெப்பமாக உங்கள் அறைக்குள்ளேயே நிற்கும்; ஏர்கானை அளக்கும் கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 2,700 பிடியு. படுக்கையறைகளில் பரவலாகப் பொருத்தப்படும் ஏர்கான் 9,000 பிடியு திறன் கொண்டது. அதன் திறனில் பத்தில் மூன்று பங்கைக் கணினியே விழுங்கிவிடும். ஏர்கான் இல்லாத பகல் நேரத்தில், வெளியே 31, 32 டிகிரி இருக்கும்போது, மூடிய சிறிய அறையில் இரண்டு மணி நேரம் ஆடினால் அமர்ந்திருக்கவே முடியாது. வெளிநாட்டு விமர்சகர்கள் 21, 22 டிகிரி அறையில் அளந்து சொல்லும் வெப்பநிலையோடு எட்டு முதல் பத்து டிகிரியைச் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும். எந்தக் குளிர்விப்பானும் உள்ளே இழுக்கும் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. முன்பக்கம் கண்ணாடி உள்ள கேசிங்கை விட்டுவிட்டு, முன்பக்கம் வலையாக உள்ளதை எடுங்கள். 140 மில்லிமீட்டர் விசிறி இரண்டு முன்னால், ஒன்று பின்னால் போதும். சிலர் இடம் மிச்சமாகும் என்று வீட்டில் உள்ள பாம் ஷெல்டருக்குள் (குண்டுக் காப்பறைக்குள்) கணினியை வைக்கிறார்கள். காற்றோட்டம் குறைந்த கான்கிரீட் அறையில் அது வேண்டவே வேண்டாம்.


பழைய சிம்லிம் எழுதியது:

ரேமுக்கு நான் பதில் சொல்கிறேன். நான்கு வேண்டாம், இரண்டு போதும். ஏஎம்5 மதர்போர்டில் நான்கு இடங்களையும் நிரப்பினால் ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 3600க்கு இறங்கிவிடுகிறது. இரண்டு மட்டும் இருந்தால் 6000 வேகத்தில் சிக்கலின்றி ஓடும். டிடிஆர்5 6000, சிஎல்30 என்று அச்சிட்ட இணையைத் தேடுங்கள் (முதல் எண் வேகம், சிஎல் என்பது கேட்ட தரவைத் தர ரேம் காத்திருக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை). அதன் தாமதம் 10 நானோ வினாடி. கூடுதல் விலை கொடுத்து 6400, சிஎல்32 வாங்கினாலும் அதே 10 நானோ வினாடிதான் வரும். விளையாட்டுக்கு 16 ஜிபி இரண்டு, மொத்தம் 32 ஜிபி தாராளம். 2025இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் ரேம் விலை பல மடங்கு ஏறியிருக்கிறது. குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம் அந்த வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இந்த நேரத்தில் அழகுக்காக 64 ஜிபி வாங்குவது நல்ல பணத்தை எறிவதாகும்.

எஸ்எஸ்டியில் அதிகம் பேச ஒன்றுமில்லை. நான்காம் தலைமுறை நொடிக்கு 7,000 எம்பி தரும், ஐந்தாம் தலைமுறை 14,000 தரும். விளையாட்டு திறக்கும் நேரத்தில் உங்களால் வேறுபாட்டை உணர முடியாது, வெப்பம் மட்டும் கூடும். ஆனால் மதர்போர்டு விளக்கக் கையேட்டை ஒருமுறை படியுங்கள். சில எக்ஸ்870இ மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2 இடத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்தினால் கிராபிக்ஸ் கார்டுக்கான தரவுத் தடங்கள் 16இலிருந்து 8ஆகக் குறைந்துவிடும். உங்களுக்கு நல்ல பி850 மதர்போர்டு ஒன்றே போதுமானது.


ஈசூன்காரன் எழுதியது:

மின்னியலார் சொன்ன கணக்கை ஏற்கிறேன், ஆனால் கார்டைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஒளிக்கதிர்களை முழுமையாகப் பின்தொடரும் பாத் டிரேசிங் முறையில் 4கே ஆடும்போது, அடுத்த நிலையில் உள்ள 16 ஜிபி நினைவகக் கார்டான 5080 திணறுகிறது, 5090 மட்டுமே மூச்சு விடுகிறது. ஐந்தாண்டு கழித்து 16 ஜிபி போதும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? வெப்பம் தொல்லையென்றால் மின்வரம்பை 80 விழுக்காட்டுக்கு இறக்கலாம். வேகம் அந்த அளவுக்குக் குறையாது, வாட் மட்டும் 460க்கு வந்துவிடும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வரையும் சட்டகங்களுக்கு இடையே பல சட்டகங்களைத் தானே ஊகித்து உருவாக்கித் தருவதையும் மறக்கக் கூடாது.


உட்லண்ட்ஸ் மின்னியலார் எழுதியது:

மின்வரம்பைக் குறைப்பது நல்ல யோசனை, எல்லாருக்குமே அதைப் பரிந்துரைப்பேன். உருவாக்கப்படும் சட்டகங்களைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம்: அவை அசைவை வழுவழுப்பாகக் காட்டும், ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தியதற்கும் திரை பதில் சொல்வதற்கும் இடையே உள்ள நேரத்தைக் குறைப்பதில்லை. அடிப்படையில் 30 சட்டகம் மட்டுமே வரும் இடத்தில் அதை 120 ஆகப் பெருக்கினாலும் கை கனமாகவே உணரும். அடிப்படை வேகம் 60ஐத் தாண்டிய பிறகுதான் அந்த வசதி இன்பமாக இருக்கும்.


பழைய சிம்லிம் எழுதியது:

பணத்தை எண்ணிப் பார்ப்போம். 5090இன் அறிமுக விலை 1,999 அமெரிக்க டாலர். 9 விழுக்காடு வரியோடு நம் வெள்ளியில் ஏறத்தாழ 2,800 ஆகும், கடையில் கேட்கும் விலை அதைவிட மிக அதிகம். அதை வாங்கினால் 4கே ஓலெட் திரைக்குப் பணம் இருக்காது. 4கே திரை இல்லாமல் 5090 எதற்கு? 5080இன் அறிமுக விலை 999, 5070டிஐயின் விலை 749. இரண்டும் ஒரே வகைச் சில்லு, இரண்டிலும் 16 ஜிபிதான். முன்னதில் 10,752 கணிப்பு அலகுகள், பின்னதில் 8,960. 20 விழுக்காடு கூடுதல் அலகுகளுக்கு 33 விழுக்காடு கூடுதல் விலை. நினைவகம் கூடியிருந்தால் நான் 5080ஐப் பரிந்துரைத்திருப்பேன், கூடவில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, 599 டாலரில், சாதாரண விளையாட்டுகளில் 5070டிஐக்கு மிக அருகில் வருகிறது, ஆனால் தம்பி விரும்பும் பாத் டிரேசிங்கில் பின்தங்குகிறது.

எனவே என் முடிவு 5070டிஐயும் நல்ல திரையும். 300 வாட் கார்டு அந்தச் சிறிய அறைக்கும் ஏற்றது. மூன்றாண்டு கழித்து 16 ஜிபி போதாமல் போனால் கார்டை விற்றுவிட்டு அன்றைக்கு வந்திருக்கும் புதியதை வாங்குங்கள். 1,000 வாட் பவர் சப்ளையும் ஏஎம்5 மதர்போர்டும் அதற்குத் தயாராக இருக்கும். ஐந்தாண்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் ஒரே கார்டில் பணத்தைப் புதைப்பதைவிட இது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஈசூன் நண்பர் சொல்வது தவறில்லை. அவர் சொல்லும் கணினிக்கு இந்தத் தொகை போதாது, அவ்வளவுதான்.

வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரோச்சோர் எம்ஆர்டி பக்கத்தில் உள்ள சிம் லிம் சதுக்கத்துக்கு நேரில் போவதில் இன்றும் பயன் உண்டு. பல கடைகள் ஒரே கட்டடத்தில் இருப்பதால் விலையை ஒப்பிடலாம், மொத்தமாக வாங்கினால் பேசியும் பார்க்கலாம். எந்தக் கடையானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: உத்தரவாதம் உள்ளூர் விநியோகஸ்தருடையதா, இணை இறக்குமதியா? இணை இறக்குமதிக் கார்டு சற்று மலிவாகக் கிடைக்கும், ஆனால் பழுதானால் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப நேரிடலாம். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி இல்லை என்ற எண்ணமும் இப்போது செல்லாது. 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு நுழையும்போதே வரி உண்டு, அதற்குக் குறைந்த மதிப்புள்ளவற்றுக்கும் 2023இல் இருந்து பதிவுபெற்ற விற்பனையாளர்கள் வரி வசூலிக்கிறார்கள்.

2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தென்பட்டால், அது முதலிலேயே இருந்தது என்றே கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படி கேட்கலாம். ஒத்துவராவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது. ரசீதில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் வரிசை எண்ணும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். 'கணினி ஒன்று' என்று மொத்தமாக எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.


செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் மனைவியோடும் பேசி முடிவு செய்துவிட்டேன். 9800எக்ஸ்3டி, பி850 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் இரண்டு, 5070டிஐ, நான்காம் தலைமுறை 2 டிபி எஸ்எஸ்டி, 1,000 வாட் ஏடிஎக்ஸ் 3.1 பவர் சப்ளை, இரட்டைக் கோபுரக் குளிர்விப்பான், வலை முகப்புக் கேசிங், 32 அங்குல 4கே ஓலெட் திரை. பழைய பவர் சப்ளை பழைய கணினியிலேயே இருக்கட்டும். அதை அப்படியே தங்கைக்குக் கொடுக்கிறேன். சனிக்கிழமை சிம் லிம் போகிறேன். பொருத்தும்போது குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?


உட்லண்ட்ஸ் மின்னியலார் எழுதியது:

நல்ல தேர்வு. கடைக்குப் போகும்முன் மூன்று அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள்: கேசிங்கில் கார்டுக்கு உள்ள நீளம், குளிர்விப்பானுக்கு உள்ள உயரம், கார்டின் விளிம்பிலிருந்து பக்க மூடி வரை உள்ள இடைவெளி. இரட்டைக் கோபுரங்கள் பல 160 மில்லிமீட்டரைத் தாண்டும். ரேமை மதர்போர்டில் இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகுங்கள். எல்லாவற்றையும் கேசிங்குக்குள் திருகுவதற்கு முன், மதர்போர்டு வந்த பெட்டியின் மேலேயே வைத்து ஒருமுறை இயக்கிப் பார்ப்பது நல்லது. 5070டிஐ இல்லாமலும் பார்க்கலாம், 9800எக்ஸ்3டியிலேயே எளிய கிராபிக்ஸ் இருப்பதால் திரையை மதர்போர்டில் செருகினால் படம் வரும்.

முதல் முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 ரேமை மதர்போர்டு சோதித்துப் பழகிக்கொள்ளும் நேரம் அது. பழுது என்று எண்ணி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். படம் வந்தபின் பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புப் பக்கத்துக்குள்) சென்று, ரேமை அதன் முழு வேகத்துக்கு அமைக்கும் எக்ஸ்போவை இயக்குங்கள், இல்லாவிட்டால் 6000 வேக ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்போவை இயக்கியதும் மீண்டும் ஒருமுறை அதே காத்திருப்பு வரும். விண்டோஸ் நிறுவியபின் காட்சி அமைப்பில் 240 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பல திரைகள் தொடக்கத்தில் 60இல்தான் நிற்கும்.